உப்புக்குக் கொடுத்த பிள்ளைக்கு

மகனே, நீ இதைப் படிக்கும் நாளில் என்னைவிட வயதில் மூத்தவனாக இருப்பாய். இப்போது எனக்குப் பத்தொன்பது. உனக்கு இருபது வயது தாண்டிய பிறகு இதைக் கொடுங்கள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் இந்தக் கடிதத்துக்குள் இருக்கும் அம்மா உனக்குத் தங்கச்சி வயதுக்காரி. தங்கச்சி புத்தி சொன்னால் அண்ணன்மார் சிரிப்பார்கள். நீயும் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படித்துவிடு. உனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் கொடுப்பதாக அக்கா சத்தியம் செய்திருக்கிறார். ஒருவேளை படிக்க வராமல் போனால் அவரே வாசித்துக் காட்டட்டும். அதற்காகத்தான் உறையை ஒட்டாமல் கொடுக்கிறேன். நான் அக்கா என்று எழுதுகிறவரை நீ அம்மா என்று கூப்பிடுவாய். அது சரிதான். அப்படியே கூப்பிடு.

இது மத்தியானம். நீ உள்ளே குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். கூடத்தில் பெட்டிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நீ, அக்கா, அவர் கணவர் ஐயா மூவரும் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போகிறீர்கள். நான் பின்கட்டுப் படியில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் காதுக்கு அது பழகின சத்தம். அது நின்றால்தான் நீ விழித்துக்கொள்வாய். அங்கே போனதும் சில நாள் தூக்கம் பிடிக்காது உனக்கு, ஏனென்று அவர்களுக்குப் புரியாது. பம்ப் சத்தத்தை போனில் பதிவு பண்ணி எடுத்துக்கொண்டு போங்கள் என்று அக்காவிடம் சொல்ல நினைத்து இதுவரை சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், இதைப் படித்தால் அவருக்குத் தெரியும்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. பாடாங் செராய் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை நன்றாக எழுதுவேன். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாய் மொழியில். எனக்குப் புரியாமல் இல்லை, வாய்தான் திறக்கவில்லை. ஒருநாள் ஆசிரியை எழுந்து வாசிக்கச் சொன்னார். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நின்றேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பின்னால் ஒரு பையன் மட்டும் "பிசு" என்றான். ஊமை என்று அர்த்தம். இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, போவதை நிறுத்திக்கொண்டேன். அம்மா இல்லாத வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு கோலா கெத்தில் பக்கம் போனார். அந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இடம் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நிறைய விஷயம் இப்படித்தான் முடிந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வேண்டும் என்று நானும் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அக்கா சுங்கைப் பட்டாணியில் பல் டாக்டர். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது, நீந்தினால் நல்லது என்று சொன்னார்களாம். ஐயா அதற்காகவே குளம் கட்டினார். வீட்டு வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். குளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி ஆள் வந்துகொண்டிருந்தான். அவன் ஒரு மழைக்காலத்தில் வராமல் நின்றுவிட்டான். ஒரு வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு குளம் வாழையிலை நிறத்தில் இருந்தது. அக்காவும் நானும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "இஞ்ச பார் பிள்ளை, இதுக்குள்ள மீன் விடலாம் போல இருக்கு" என்று அவர் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. அலமாரியில் இருந்த மருந்துகளில் எதையெல்லாம் படித்துப் பார்த்து நல்லது என்று தோன்றியதோ அதையெல்லாம் ஒரே நாளில் கொட்டினோம். சோடா மாவு ஒரு பை முழுக்க. மறுநாள் தண்ணீர் பச்சை போய் வெள்ளையாகிவிட்டது. அடிப்படி தெரியவில்லை.

அன்றைக்குத்தான் உன் அப்பா முதல் தடவை இந்தக் குளத்தைப் பார்த்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேசி முடித்திருந்தார்கள். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் என்னைக் கூட்டிப்போக வருவார். கேட்டுக்கு வெளியேதான் நிற்பார், அன்று அக்கா உள்ளே கூப்பிட்டார். குளத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "என்னாங்க டாக்டரக்கா, பாலாபிஷேகமா? சாமிய எங்க, அடியில இருக்கா?" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இது உப்புத் தண்ணீர்க் குளம் என்று சொன்னதும் உன் அப்பா விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு பத்தலயேலா. ரசம் வெச்சிருந்தா எங்கம்மா சட்டியத் தூக்கி வீசியிருக்கும்."

உன் அப்பாவைப் பற்றி உனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்க முடியும், எது வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் கொடுப்பேன். விரலை முக்கி உப்பு பார்த்தது.

அந்த வெள்ளைத் தண்ணீரிலிருந்துதான் நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டோம். அக்கா போனில் தேடிப் படிப்பார், நான் செய்து பார்ப்பேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சிவப்புத் துளிகளை விட்டால் நிறம் மாறும். மஞ்சளுக்குப் போனால் தண்ணீரில் புளிப்பு அதிகம், கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் காரம் அதிகம். நடுவில் ரோஜா நிறத்துக்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்த வேண்டும். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் நிறம் தெரியும். அந்த அளவு ஏழரையில் நிற்க வேண்டும் என்று அக்கா சொன்னதை உன் பாட்டியிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஏழரையா? அது சனிடி! வேற நம்பரே கெடைக்கலயா அந்தத் தண்ணிக்கு?"

எனக்குத் தெரிந்ததை இப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன், கேட்டுக்கொள். உப்புக் குளத்தில் உப்பை மெஷின் குளோரினாக மாற்றும். அந்தக் குளோரின் அழுக்கைத் தின்றுவிட்டு மறுபடி உப்பாகவே ஆகிவிடும். வெயில் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும், உப்பை எடுக்காது. மழை பெய்து குளம் வழிந்தால்தான் உப்பு வெளியே போகும். அதனால் மழைக்குப் பிறகு உப்புப் போட வேண்டும். சோடா மாவு தண்ணீருக்குத் தாங்கும் சக்தியைக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் கொஞ்சம் மழை பெய்தாலும் தண்ணீர் புளித்துவிடும், கொஞ்சம் மருந்து போட்டாலும் தடுமாறும். அதை முதலில் சரி பண்ணிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். எதைப் போட்டாலும் கொஞ்சமாகப் போட்டு, பம்ப் ஓட விட்டு, மறுநாள் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போட வேண்டும். நாங்கள் பாலாபிஷேகம் செய்தது பொறுமை இல்லாமல். இன்னொன்று, அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. முகத்தில் தெறிக்கும். கோபமாக இருக்கிறவர்களிடம் பேசும்போதும் எனக்கு இது ஞாபகம் வரும். பெரிய வாளி நிறையத் தண்ணீர் முதலில், அப்புறம் மற்றது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீர் எல்லாம் சரியான தண்ணீர் என்றும் நினைத்துவிடாதே. கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் புளித்துப்போய் ஏணியின் இரும்பையும் ஓட்டின் சிமெண்டையும் தின்றுகொண்டிருக்கும். சோதித்துப் பார்க்காமல் தெரியாது. அக்கா என்னைப் பார்த்து அடிக்கடி "நீ நல்லாத்தானே இருக்கிறாய் பிள்ளை?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

பதினெட்டில் எனக்குக் கல்யாணம் ஆனது. உன் அப்பா வீடு இருந்த பாடாங் மேஹா தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றினோம். நீ வயிற்றில் ஐந்தாம் மாதமாக இருந்தபோது, காலை ஷிப்டுக்குக் கூலிம் தொழிற்சாலைக்குப் போன உன் அப்பா மழையில் ஒரு லாரியின் பின்னால் மோட்டாரோடு போய் விழுந்தார். இதற்கு மேல் இதை எழுத என்னால் முடியாது. அக்கா காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். காரியம் முடிந்ததும் என்னை இங்கேயே கூட்டிக்கொண்டு வந்து பின்னால் உள்ள அறையைக் கொடுத்தார். நீ பிறந்ததும் இங்கேதான் வந்தாய்.

நீ பிறந்தபோது மஞ்சளாக இருந்தாய். மஞ்சள் போன பிறகும் எடை ஏறவில்லை. நான் பால் கொடுப்பேன், நீ கொஞ்சம் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுவாய். கிளினிக்கில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். பாட்டி உன்னைப் பார்க்க வந்தார். தூக்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார். அவருக்கு ஒரே மகன்.

"அப்பன முழுங்கிட்டு வந்திருக்கான்" என்றார். "முழுங்கினது செரிக்காமதான் அழுவுறான்."

"அத்தே, சின்னப் புள்ள அத்தே" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

அவர் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வித்துரணும்லா" என்றார். "பேருக்குத்தான்டி, மொறைக்காத. இப்படிப் பொறந்த புள்ளைய நல்லா இருக்கிற வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்துரணும். அந்த வீட்டு புள்ளையா கொஞ்ச நாளு இருக்கும். அப்பறம் அமாவாச கழிச்சி, அதே தவிட்டத் திருப்பிக் குடுத்து வாங்கிக்கணும். பழைய தோசம் எல்லாம் வித்த புள்ளையோட போயிரும். வாங்கின புள்ள புதுப் புள்ள."

அக்காவுக்கு இது புதிது. "எங்கட வீட்டு ஆக்கள் இப்பிடிச் செய்து நான் காணேல்லை" என்றார். ஆனால் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அவவுக்கு மனம் ஆறும் எண்டால் செய்வம்" என்றார். தவிடு எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டி கண்ணைச் சுழற்றினார். பம்ப் அறை வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"அதுல என்னா?"

"உப்பு அத்தே. கொளத்துக்குப் போடறது."

"உப்பா! அடிப்பாவி, இதச் சொல்லாம. தவிட்ட விட உப்பு ஒசத்திடி. கல்லுப்பு தானே?"

பின் கேட்டுக்கு வெளியே துணிக் கூடையில் உன்னைப் படுக்க வைத்தோம். முறம் இல்லாததால் கூடை. அக்கா உள்ளேயிருந்து வந்து, யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்க வேண்டும். நான், இது என் பிள்ளை இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுடி! மேல இருக்கிறவனுக்குக் கேக்க வேணாமா? நீ முணுமுணுத்தா புள்ளைக்குத்தான் ஆகாது" என்றார் பாட்டி. நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "எம் புள்ள இல்ல!" எதிர் வீட்டு நாய் குரைத்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் வராத சத்தம், எங்கேயும் வராத சத்தம், அன்றைக்கு வந்தது. நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

அக்கா ஒரு பிடி உப்பை என் கையில் வைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த உப்பை நான் ஒரு பால் மாவு டின்னில் போட்டு மூடி வைத்தேன்.

அமாவாசை வரை நீ அவர்கள் அறையில்தான் தூங்க வேண்டும் என்பது பாட்டி சொன்ன முறை. பால் கொடுக்க மட்டும் நான் போகலாம், கண்ணு என்றோ ராசா என்றோ கூப்பிடக் கூடாது. நான் கூப்பிடவில்லை. கதவைத் தட்டி, பால் கொடுத்து, அக்கா கையில் கொடுத்துவிட்டு வருவேன். நீ எடை ஏறினாய். தோஷம் போனதாலா, வேளை வந்ததாலா, எனக்குத் தெரியாது. உன் தொடையில் மடிப்பு விழுந்தது. இரவு அழுதால் அந்த அறையில் விளக்கு எரியும், ஐயா பாடுவார். அவருக்குச் சுத்தமாகப் பாட வராது. தேவாரத்தை விளம்பரப் பாட்டு மாதிரி பாடுவார். நீ அதற்குத்தான் அடங்குவாய்.

அமாவாசை கழிந்த மறுநாள் பாட்டி வந்து உன்னை வாங்கித் தருவதாக ஏற்பாடு. அன்று விடியற்காலையில் தொடங்கிய மழை விடவில்லை. பாட்டி போன் பண்ணினார். "பஸ்ஸே வரலடி. நீயே வாங்கிக்க. உப்பக் கையில வெச்சிக்கிட்டு, எம் புள்ளயக் குடுங்கன்னு சத்தமாக் கேளு. அன்னிக்குக் கத்துன மாதிரியே கத்தணும், ஆமா." நான் குளித்துவிட்டு டின்னைத் திறந்து உப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். குளம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மெஷினில் உப்புக் குறைவு என்று காட்டும் விளக்கு எரிந்தது. கூடத்துக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

உள்ளே அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கால்களுக்கு நடுவில் நீ. ஐயா உன் முன்னால் மண்டியிட்டு, ஒரு சாக்ஸைக் கையில் மாட்டி அதைப் பேச வைத்துக்கொண்டிருந்தார். வெயில் குளோரினைத் தின்னாமல் இருக்க ஒரு தூள் போடுவோம், அதைக் கட்டித் தொங்கவிட நான் அவரிடம் பழைய சாக்ஸ் வாங்கி வைத்திருந்தேனே, அதில் ஒன்று. சாக்ஸ் தும்மியது. நீ சிரித்தாய். தூக்கத்தில் உதட்டை இழுப்பாயே, அது இல்லை. சத்தம் போட்டு, வயிறு குலுங்கி, முதல் சிரிப்பு. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐயா மறுபடி தும்மினார், நீ மறுபடி சிரித்தாய்.

நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் உப்பு ஈரமாகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன் என்று சத்தியமாகச் சொல்லுவேன். ஆசிரியை வாசிக்கச் சொன்ன நாள் போலவே இருந்தது. எல்லா எழுத்தும் தெரிகிறது, ஒன்றும் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பிள்ளை, நனைஞ்சு போய் நிக்கிறாய்? கையில என்ன?" என்றார்.

"மெஷின்ல உப்புக் கொறவுன்னு லைட் எரியுதுக்கா" என்றேன். "போடப் போறேன்."

"இந்த மழைக்குள்ளயா? விட்டிட்டு வா, பிறகு போடுவம்."

நான் திரும்பி நடந்து குளத்தங்கரைக்குப் போய்க் கையைத் திறந்தேன். அந்தக் குளத்துக்கு ஒரு பிடி உப்பு ஒன்றுமே இல்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டினால்தான் அந்த விளக்கு அணையும். கல்லுப்பு கொஞ்ச நேரம் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. மழை அடித்த அடியில் தண்ணீர் கலங்கி அதுவும் தெரியாமல் போனது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

உன்னை விட்டுக்கொடுத்தேனா, இல்லை கேட்க வாய் வராமல் விட்டேனா என்று நீ ஒருநாள் கேட்பாய். இந்த எட்டு மாதமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு உன்னைக் கேட்டிருந்தால் அக்கா கொடுத்திருப்பார். அதில் சந்தேகமே இல்லை. அவரை ஒருநாளும் தப்பாக நினைக்காதே. அவருக்கு அந்த விளையாட்டின் நாள் கணக்கு ஞாபகம் இல்லை. பிறகு ஒருமுறை, "உன்ர மாமி வந்து வாங்க வேணும் எண்டாவே, எப்ப?" என்று கேட்டார். "அப்பறம்க்கா" என்றேன். உன்னை வாங்கிவிட்டேன் என்று பாட்டியிடம் பொய் சொன்னேன். பகலில் நீ என் இடுப்பிலும் இருந்தாய், அவர் மடியிலும் இருந்தாய். இரவில் அந்த அறையில் தூங்கினாய். கேட்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் கேட்பது இன்னும் கஷ்டமாகும், மகனே. குளத்தையும் அப்படித்தான். முதல் நாள் ஓரத்தில் வழுக்குகிறதே என்று பார்த்துச் செய்தால் ஒரு குவளை மருந்து போதும். பச்சையாகிவிட்ட பிறகு செய்தால் கை சலித்துப்போகும்.

ஐயாவுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. ஒரு சாயங்காலம் அக்கா குளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். 

"நான் கேக்கிறதுக்குக் கோவிக்கக் கூடாது" என்றார். "உன்னையும் கூட்டிக்கொண்டு போக வழி இருக்கோ எண்டு கேட்டுப் பாத்தம். விசா கிடைக்காதாம். இவனை முறைப்படி எழுதித் தந்தால் எங்கட பிள்ளையா வளப்பம். இல்லை எண்டால் இவனுக்கும் உனக்கும் இஞ்ச வேண்டிய ஒழுங்கு எல்லாம் செய்துபோட்டுத்தான் போவம். ரெண்டில எது எண்டாலும் எனக்குச் சரி."

எது என்றாலும் சரி இல்லை அவருக்கு. ஆனாலும் அப்படிச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

"தலையாட்டாதை. ஓமா இல்லையா, வாயால சொல்லு பிள்ளை. உன்ர வாயால."

உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ தண்ணீரைக் கண்டால் விடமாட்டாய். அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவேன், யாரிடம் விட்டுவிட்டு எந்த ஷிப்டுக்குப் போவேன் என்றெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் பொய். அந்த நிமிஷம் ஒன்றுதான் நினைத்தேன். வழுக்கும் போல இருந்ததும் நீ பிடித்தது அந்தச் சட்டையைத்தான். "சரிக்கா" என்றேன். அது மட்டும் தெளிவாக வந்தது.

பாட்டிக்கு விஷயம் தெரிந்து வந்தார். கேட்டைத் திறக்கும்போதே கத்தத் தொடங்கினார். "வாங்கிட்டேன்னு சொன்னியேடி! வித்த புள்ளய வாங்காம விட்டியா? உப்பு எங்கடி? எடுத்துட்டு வா, நான் கேக்குறேன், எனக்கு வாயிருக்கு!"

"கொளத்துல போட்டுட்டேன் அத்தே."

அவர் குளத்தைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "இத்தினி தண்ணியிலயா" என்றார். பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார். நீ தவழ்ந்து அவரிடம் போய்ப் புடவையைப் பிடித்து எழுந்து நின்றாய். பிறந்ததிலிருந்து உன்னைத் தூக்காத பாட்டி அன்றைக்கு உன்னைத் தூக்கி மூஞ்சியை உன் கழுத்தில் புதைத்துக்கொண்டார். "எம் மவன் மாதிரியே மொகரடா ஒனக்கு" என்றார். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அவர் முதலில் சொன்ன வார்த்தையை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அழுகிறவர்கள் வாயில் வருவது அவர்களுடையது இல்லை.

இந்த வீட்டை வாங்குகிறவர்கள் குளத்தை வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள், பயமாம். நீங்கள் போன பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு மண் போட்டு மூடுவார்கள். சுங்கைப் பட்டாணியில் ஒரு ஹோட்டலில் குளம் பார்க்கிற வேலைக்கு அக்கா எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அங்கே ஆண்களோடு பேச வேண்டும், கணக்கு ஒப்பிக்க வேண்டும். பழகிக்கொள்வேன். ஆனால் தண்ணீர் போனால் அந்த உப்பும் போய்விடுமே என்று சில நாளாகத் தூக்கம் இல்லை. மழையில் வழிந்தது போகக் கொஞ்சமாவது அதில் இருக்கும் இல்லையா. அதனால் இந்த வெயில் நாட்களில் குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு, பம்ப் அறையின் தகரக் கூரைமேல் அகலத் தட்டுகளில் ஊற்றி வைத்தேன். வற்ற வற்ற ஊற்றினேன். மழை இருட்டினால் ஓடிப்போய் மூடினேன். ஐயா பார்த்துவிட்டு, "என்ன, உப்பளம் போட்டிருக்கிறாயோ?" என்று கேட்டார். தட்டின் ஓரத்தில் முதலில் வெள்ளைக் கோடு விழுந்தது, பிறகு நடுவிலும் பூத்தது. சுரண்டிச் சுரண்டிச் சேர்த்தேன். ஒரு பிடி வந்துவிட்டது.

அதை உன் தொட்டில் துணியில் ஒரு துண்டு கிழித்து முடிந்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். சமையலில் போட்டுவிடாதே, அதில் ஊர்ப்பட்ட மருந்து கலந்திருக்கும். இது அதே உப்பா என்று நீ கேட்கலாம். அதிலே ஒரு கல்லாவது இருக்கும் என்றுதான் நம்புகிறேன். இதை அக்கா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்துவிடு என்று சொல்லவில்லை. அப்படிச் செய்யவே செய்யாதே. உன் விலையை யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும். இனிமேல் உன்னை விற்கவோ வாங்கவோ யாராலும் முடியாது. இந்தப் பக்கம் வர உனக்கு எப்போதாவது தோன்றினால், வா. நான் இருக்கிற இடத்தில் ஏதாவது ஒரு குளத்தங்கரையில் கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்ததும் நான் ஒன்றும் பேசாமல் நின்றால் வேண்டாதவள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. கொஞ்சம் நில். எனக்கு நேரம் எடுக்கும்.

அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே மூன்று தடவை நான் சொன்னதை நீ கேட்டாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை. இன்று காலை நீங்கள் மூவரும் கடைக்குப் போயிருந்தபோது, பம்பை நிறுத்திவிட்டுக் குளத்தைப் பார்த்து நின்று சொல்லிப் பார்த்தேன். சத்தமாகவே வந்தது. எதிர் வீட்டு நாய் குரைத்தது. நீ கேட்கவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நீ என் பிள்ளை. நீ என் பிள்ளை. நீ என் பிள்ளை.